சிவப்பு கீழே, மஞ்சள் மேலே

ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்து, மெஷினில் போட்டுச் சுற்றி, சிவப்பைத் தனியாகவும் மஞ்சளைத் தனியாகவும் எடுப்பதுதான் என் பிழைப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னதால் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருக்கின்றன.

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், கதவு சரியாக மூடாத ஒரு பிரிட்ஜ். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் சென்ட்ரிஃபியூஜ் வந்தது. பார்வைக்குப் பெரிய அண்டா மாதிரி இருக்கும். உள்ளே நாலு கிண்ணம். எதிரெதிர்க் கிண்ணங்களில் ஒரே எடையில் பாட்டில்களை வைத்து வேகமாகச் சுற்றினால், அரை மணியில் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். பிளாஸ்மா என்கிற மஞ்சள் தண்ணீர் மேலே நிற்கும். சோகை பிடித்தவருக்குச் சிவப்பு, தீப்புண் பட்டவருக்கு மஞ்சள். விஷயம் இவ்வளவுதான். இதை நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தனியாக ஓர் ஆளைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்த ஆளாகவும் நானே இருந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். அட்டெண்டர் கன்னியப்பன் பூந்தமல்லிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். நர்ஸ் பிலோமினா சிஸ்டர் குறைவாகப் பேசுவார், பேசினால் தழும்பு விழும். எங்கள் மூவரையும் மேய்த்தவர் டாக்டரம்மா. கண்ணாடிக் குழாயோடு காலம் தள்ளிய என் சக பாவிகளே, இனி படியுங்கள். உங்களுக்கு நடந்ததும் இதில் ஒன்றிரண்டு இருக்கும்.

தலைவர் திறந்துவைத்தார்

மெஷின் வந்ததும் அதற்கு ஒரு திறப்பு விழா வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாயிலிருந்து கோழிப்பண்ணை வரை எல்லாவற்றையும் திறந்துவைக்கும் ஒரு பிரமுகர் இருந்தார். அவரே வந்தார். மாலை, ஊதுபத்தி, மெஷின் மூடியின் மேல் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும். “சும்மா சுத்தினா போட்டோல என்ன தெரியும்? உள்ளே எதையாவது வைங்க” என்றார் கூட வந்தவர். அன்றைக்குப் பார்த்துக் கைவசம் ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரி நிர்வாகி ஒரு காலி பாட்டிலில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, தம் கையாலேயே ஒரு கிண்ணத்தில் வைத்தார். “எதிர்க் கிண்ணத்திலயும் அதே எடைக்கு ஒண்ணு வைக்கணும் சார்” என்று நான் கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போனது.

தலைவர் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமியது. பிறகு குலுங்கியது. பிறகு மேசையை விட்டு இறங்கிவிடுகிற உத்தேசத்தோடு நகர ஆரம்பித்தது. போட்டோக்காரர் முதலில் ஓடினார். தலைவர் மாலையோடு பிரிட்ஜுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கியபோது மெஷின் மேசை விளிம்புக்கு நான்கு விரற்கடை இப்பால் நின்றது. நாதஸ்வரம் நின்றுவிட்ட அந்த நேரம் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கன்னியப்பன் சொன்னார்: “தலைவரு கை பட்டதும் மெஷினே எய்ந்து ஓடப் பாக்குது நைனா, மனுசன் இன்னா பண்ணுவான்?”

பால்காரர் கணக்கு

வெள்ளானூர் கோதண்டன் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருடைய தம்பிக்குக் கடுமையான சோகை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலை. இதயம் தளர்ந்திருந்ததால் முழு பாட்டில் ரத்தத்தை ஏற்றினால் தாங்காது, சிவப்பணுக்களை மட்டும் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் ஒரே குரூப். கோதண்டன் உடனே படுத்து, கையை நீட்டி, ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தார். தம்பி மேல் அவ்வளவு உயிர்.

மெஷினில் சுற்றி, மேலே நின்ற மஞ்சளை ஊசி வழியாக இன்னொரு பாட்டிலுக்கு இழுத்துவிட்டு, சிவப்பைக் கொண்டுபோய்த் தம்பியின் தலைமாட்டில் மாட்டினேன். பாட்டிலில் பாதிதான் இருந்தது. கோதண்டன் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிவப்பணு, பிளாஸ்மா, இதயம், நுரையீரல் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். “நானாவது பாலுல தண்ணி ஊத்தி அளவை ஏத்துறேன். நீ இன்னா சார், கீறதையே பாதியாக்கிட்டு நிக்கிற?”

தம்பி பத்தாம் நாள் தானே நடந்து ஊருக்குப் போனார். ஆனால் கோதண்டன் என்னை எங்கே பார்த்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டிச் சொல்வது மட்டும் நிற்கவில்லை: “இவருதான் பா, நம்ம மீதிப் பாதியை வெச்சிருக்கறவரு!”

வெந்துவிட்டதா

புதிதாகச் சேர்ந்த ஒரு சின்ன டாக்டருக்குப் பொறுமை என்பது பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது. மெஷின் அரை மணி சுற்ற வேண்டும் என்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து “ஆச்சா?” என்பார். ஒரு நாள் நான் பக்கத்து அறைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே மூடியைத் தூக்கி, சுற்றிக்கொண்டிருந்ததைக் கையால் அழுத்தி நிறுத்தியிருக்கிறார். விரல் போகாதது அவர் பெற்றோர் செய்த புண்ணியம். ஆனால் அழகாகப் பிரிந்து நின்ற ரத்தம் அத்தனையும் குலுங்கி ஒன்றாகக் கலந்துவிட்டது. முதலிலிருந்து மறுபடி சுற்றினோம். வார்டில் ஊசி குத்தப்பட்டுத் தயாராக இருந்த நோயாளி இன்னும் அரை மணி கையை நீட்டியபடி கிடந்தார்.

“உள்ளே என்ன ஆகுதுன்னு ஒரு தடவை பார்க்கக் கூடாதா?” என்று டாக்டர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்த பிலோமினா சிஸ்டர் நிமிரவே இல்லை. “இட்லி வேகுறதுக்கு முன்னாடி மூடியைத் திறக்கிற ஆம்பளைக்கு எங்க வீட்டுல தட்டே வைக்க மாட்டோம், டாக்டர்.”

சுத்த ரத்தம்

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ரத்ததான முகாம் நடத்தினோம். அங்கிருந்த பர்சனல் ஆபீசர் தொழிலாளிகளை வரிசையில் நிற்கவைத்து அரை மணி பிரசங்கம் செய்தார். தாம் கறி, மீன் தொட்டதில்லை, காபிகூடக் கிடையாது, முகாமுக்காக அன்று காலை குடித்தது வெறும் மோர்தான், ஒழுக்கமாக வாழ்கிறவன் ரத்தம் வேறு மாதிரி இருக்கும், கண்டதையும் தின்று கண்டதையும் குடிக்கிறவன் ரத்தம் வேறு மாதிரி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். கடைசி வரியைச் சொல்லும்போது லேத் பிரிவு ஆட்களைத்தான் பார்த்தார். அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், வேறென்ன செய்வது. பிறகு அவரே முதல் ஆளாகப் படுத்துக் கொடுத்தார். தம் பாட்டிலையும் லேத் பிரிவுப் பாட்டில்களையும் சேர்த்துச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகாமுக்கு உதவியதற்காக நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்த கேன்டீன் மாஸ்டரும் நாலைந்து தொழிலாளிகளும் அங்கே இருந்தார்கள். மெஷினைத் திறந்தேன். லேத் பிரிவு ஆட்களின் பாட்டில்களில் எல்லாம் மேலே தெளிந்த மஞ்சள், கண்ணாடி போல. ஆபீசர் பாட்டிலில் மேலே நின்றது பாதாம்பால். அவ்வளவு வெள்ளை, அவ்வளவு கெட்டி. ரத்தம் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வயிறு முட்டக் கொழுப்பு சாப்பிட்டால் சிலருக்கு அப்படி ஆகும். நோயாளிக்கு ஏற்ற உதவாது. நான் அதை நாசூக்காகச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஆபீசர், “மெஷின் கோளாறு” என்றார். கேன்டீன் மாஸ்டர் குனிந்து பாட்டிலை நன்றாகப் பார்த்தார். “நேத்து காலையில பொங்கல் அண்டா அவர் ரூமுக்குப் போச்சு, தெரியும். மாசாமாசம் டின் டின்னா நெய் எங்கே போகுதுன்னுதான் இத்தனை நாளா புரியல சார்.”

பயில்வான்

ஆவடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தொழிற்பேட்டையில் மாத்திரைக்கு அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலை. ஒன்பதாம் மாதம், உடம்பில் ரத்தமே இல்லை. பிரசவத்துக்கு முன் சிவப்பணு ஏற்றாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கூடவே வந்த புருஷன் தினம் கர்லாக்கட்டை சுற்றுகிற பயில்வான். அவர் நின்றால் லேப் கதவு தெரியாது. சோதித்ததில் அதே குரூப். “படுங்க” என்றேன். பயில்வான் தம் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். “இப்ப வந்துடறோம்” என்று மகனை வெளியே கூட்டிக்கொண்டு போனவர் வாசல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணோடு பெட்டி ஒட்டும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். மூன்று பேரையும் சேர்த்து நிறுத்தால் பயில்வானுக்குச் சரியாக இருக்கும். இரண்டு பேர் எடை போதாது என்று திருப்பி அனுப்பினோம். மூன்றாவது பெண்ணுக்கு எடை எல்லைக் கோட்டில் நின்றது, குரூப் பொருந்தியது. அவள் கொடுத்தாள். தாயும் பிழைத்தாள், பிறந்த குழந்தையும் நன்றாக அழுதது. குழந்தையோடு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது பொறுக்காமல் மாமியாரிடம் கேட்டுவிட்டேன், “இவ்வளவு உடம்பை வெச்சுக்கிட்டு உங்க பிள்ளை ஒரு பாட்டில் கொடுத்திருக்கக் கூடாதாம்மா?” என்று. அந்த அம்மாள் எனக்கு விவரம் போதாது என்று நினைத்திருக்க வேண்டும். பரிவாகத்தான் சொன்னார்: “பொம்பளைக்கு ரத்தம் போறதும் வர்றதும் பயகினது, தம்பி. ஆம்பளப் புள்ள அது, தாங்குமா?”

டார்ச்சு லைட்டு கரி

ஒரு வார்ப்புப் பட்டறையில் உருக்கின இரும்பு தெறித்து ஒருவர் மார்பும் கையும் வெந்து வந்தார். தீப்புண்ணுக்கு உடனே பிளாஸ்மா வேண்டும். அன்றைக்கென்று மெஷின் பேச்சுமூச்சு இல்லாமல் நின்றது. மோட்டாருக்குள் கரித்துண்டு ஒன்று இருக்கும், அது தேய்ந்துவிட்டது. மெஷினை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், பாகம் கப்பலில் வர வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வெந்து கிடந்தவருடன் வேலை பார்க்கும் டர்னர் காதர் பாய் வராந்தாவில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் தொறந்து காட்டுங்க சார்” என்றார். பார்த்துவிட்டு, என் மேசையில் இருந்த டார்ச்சு லைட்டிலிருந்து பேட்டரிக் கட்டையை எடுத்து உடைத்தார். நடுவில் இருந்த கரிக்குச்சியை உருவி, அரத்தால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, உள்ளே பொருத்தினார். ஒரு மணி நேரம் ஆகவில்லை. மெஷின் சுற்றியது. அவர் நண்பர் பிழைத்தார். இடது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்காது.

நாலு மாதம் கழித்துக் கம்பெனி என்ஜினீயர் டை கட்டிக்கொண்டு வந்தார். மெஷினைப் பிரித்தார், அந்தக் கரியைக் கண்டார், செத்த எலியைத் தூக்குவது போல இடுக்கியால் தூக்கினார். “இது எங்க கம்பெனி பாகம் இல்லை. இனிமே இந்த மெஷினுக்கு நாங்க பொறுப்பில்லை” என்றார். நண்பருக்கு மாத்திரை வாங்க வந்திருந்த காதர் பாய் வாசலிலேயே நின்று பதில் சொன்னார்: “உங்க கம்பெனிது இல்லாததாலதான் சார் அது ஓடுது.”

என் பங்கு

இத்தனை பேரைச் சொன்னவன் என்னைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ரத்தம் கொடுக்கப் பயந்து நிற்கிறவர்களிடம் நான் ஒரே வசனத்தைத்தான் சொல்வேன்: “கொசு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.” வருஷக்கணக்கில் சொல்லி நானே அதை நம்பியும் வந்தேன். என் ரத்தம் அரிதான குரூப். ஒரு நாள் திருமுல்லைவாயில் பக்கம் பஸ்ஸில் அடிபட்ட பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு அதே குரூப் வேண்டியிருந்தது. டாக்டரம்மா எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். கன்னியப்பன் ஊசியை எடுத்து வைத்தார், சிஸ்டர் குத்தினார்.

குழாயில் என் ரத்தம் இறங்குவதை ஒரு தடவை பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது கூரை மின்விசிறி. பாட்டில் நிறைந்து வாத்தியாருக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்துக் கட்டிலில் தெளிவாக விழித்திருந்தார். எனக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தது அவருடைய மனைவி. கன்னியப்பன் என் முகத்துக்கு நேரே குனிந்தார். “ஊரான் ரத்தத்தைச் சுத்திவுட்டுட்டு ஜம்முனு நிப்பியே நைனா. உனக்குத் தல ஒரு சுத்து சுத்தினதும் நீயும் அடில போய்ப் படிஞ்சுட்டியே!”

முறை

அயனம்பாக்கத்தில் ஏகாம்பரம் என்று ஒரு பெரிய பண்ணைக்காரர். ஏரிப் பாசனத்தில் நிலம், ஊர்க் கோயிலில் முதல் மரியாதை. அவர் மனைவிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. ஆன பிறகு ரத்தம் நிற்கவில்லை. அந்தக் குரூப்பில் எங்களிடம் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கொடுத்தவர் பெயரும் ஊரும் பாட்டிலிலேயே சீட்டாக ஒட்டியிருக்கும். ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். டில்லிபாபு, காலனி, அயனம்பாக்கம். டில்லிபாபு தொழிற்பேட்டையில் வெல்டர். அவர் அப்பா ஏகாம்பரத்தின் நிலத்தில் கூலிக்கு உழைத்து, அந்த வீட்டின் வாசற்படி ஏறாமலே செத்துப்போனவர். கண்ணாடியைக் கழற்றிய ஏகாம்பரம், “வேற பாட்டில் பாருங்க” என்றார். வேறு இல்லை. அவருக்கும் மூத்த மகனுக்கும் குரூப் பொருந்தவில்லை. இளைய மகனுக்குப் பொருந்தியிருக்கலாம். சோதிக்கக் கூப்பிட்டபோது ஆளையே காணோம். “பத்து நிமிஷத்துல சொல்லுங்க, அதுக்கு மேல என்னால பொறுப்பேத்துக்க முடியாது” என்று டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

ஏகாம்பரம் என் தோளில் கை போட்டு ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். கண் ஆபரேஷன் அறைக் கதவிலேயே இருந்தது. மனைவி மேல் பாசம் இல்லாதவர் இல்லை, அதுதான் வேடிக்கை. “தம்பி, நீ மெஷின்ல சுத்தி செவப்பு தனியா, மஞ்சள் தனியாப் பிரிக்கிறியாமே. அந்த... காலனிச் சமாச்சாரம் இருக்கில்ல, அது எதுல இருக்கோ அதை எடுத்துட்டு மிச்சத்தைக் குடுத்துடேன்” என்றார். எனக்கு வாயில் என்னென்னவோ வந்தது. உள்ளே அந்த அம்மாளின் நாடி விழுந்துகொண்டிருந்தது. “அதெல்லாம் மஞ்சள்லதான் சார் மிதக்கும். எடுத்துடலாம்” என்றேன். பிரிட்ஜில் நின்று ஏற்கெனவே பாதி படிந்திருந்த பாட்டிலை ஐந்தே நிமிஷம் சுற்றி, அவர் கண்ணெதிரிலேயே மஞ்சளை இழுத்து எடுத்துவிட்டுச் சிவப்பைக் கொடுத்தேன். பாரம் இறங்கியவராக மூச்சு விட்டு, மூடிவைத்த மஞ்சள் பாட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அந்த அம்மாள் பிழைத்தார். அன்று அப்படிச் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் என் மானம் நிமிர்ந்து நின்றிருக்கும், அந்த அம்மாள் பிழைத்திருக்க மாட்டார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து டில்லிபாபு மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. கன்னியப்பனால் சும்மா இருக்க முடியுமா? ஜன்னலோரப் பேச்சு வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். டில்லிபாபு கோபப்படுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலில் சீட்டு ஒட்டினேன். அவர் ஒரு கையை நீட்டிப் படுத்து, மறுகை விரல்களில் எதையோ எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தம்மா ஒடம்புல ஓடுறது என் ரத்தம்னா, அது எனக்கு அக்கா முறை ஆவுது. அப்போ ஏகாம்பரம் எனக்கு மச்சான். வர்ற பொங்கலுக்கு அந்த ஊட்டுக்குச் சீர் எடுத்துகினு போவணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு சார்.”

இத்தனை வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றதில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மனுஷனிடம் இருக்கிறவற்றில் எதிர்த்துப் பேசாமல், பிகு பண்ணாமல், தன் இடம் தெரிந்து ஒழுங்காக உட்காருவது ரத்தம் மட்டுமே.